மூன்று வில்லியம்களில் எங்கள் வில்லியம் யார்?

வாசகி கேள்வி: மதுரையில் பிறந்தவள் நான். திருமணமாகிப் பதினாறு வருடமாக லீட்ஸ் நகரத்தில் இருக்கிறேன். கணவர் ஆங்கிலேயர். போன வருடம் மாமனார் தவறியபோது, அவர் பெட்டியில் எட்டாக மடித்த ஒரு பழைய பத்திரம் இருந்தது. வில்லியம் என்ற பையனை ஷெஃபீல்டில் கத்தரிக்கோல் கொல்லர் ஒருவரிடம் தொழில் பழக எட்டு வருடத்துக்கு அப்ரண்டிஸாக விடுவதாக எழுதியிருக்கிறது. குடும்பப் பெயர் எங்களுடையதுதான். வருடம் எண்ணில் எங்கும் இல்லை, 'மூன்றாம் ஜார்ஜ் அரசரின் பதினோராம் ஆண்டு, மார்ச்' என்று மட்டும் இருக்கிறது. அப்பா பெயர் ஜான், ஊர் மோஸ்பரோ, அவர் 'ஹஃப்பண்ட்மேன்' என்று போட்டிருக்கிறது, அது என்னவென்றே புரியவில்லை. 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 62 வயதான கத்தரிக்கோல் கொல்லர் ஒருவர் வரை நாங்கள் உறுதியாகப் போய்விட்டோம், அவர் அப்பா பெயர் வில்லியம் என்று நினைக்கிறோம். இணையத்தில் யாரோ போட்ட வம்சாவளியில் எங்கள் வில்லியம் 1757இல் ஷெஃபீல்டில் ஞானஸ்நானம் பெற்று 1776இல் அங்கேயே கல்யாணம் செய்ததாக இருக்கிறது. இதை நம்பலாமா? என் மகளுக்குப் பதின்மூன்று வயது. அவள்தான் தினமும் கேட்கிறாள். குடும்பப் பெயரை மட்டும் வெளியிட வேண்டாம்.

அன்புள்ள வாசகிக்கு,

நம்ப வேண்டாம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். அந்த வம்சாவளியை எழுதியவர் மூன்று வேறு வில்லியம்களை ஒரே ஆளாக்கித் தைத்திருக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது, அதற்கான ஆதாரம் உங்கள் மாமனாரின் பெட்டிக்குள்ளேயே இருந்திருக்கிறது. அந்தப் பத்திரம் கையில் இல்லாதவர் அப்படித் தைத்ததில் ஆச்சரியமில்லை. உங்களிடம் அது இருக்கிறது.

சரி, வருடத்திலிருந்து ஆரம்பிப்போம். நம் ஊர்க் கோயில் கல்வெட்டுகளில் இன்ன ராஜாவுக்கு யாண்டு இத்தனையாவது என்று வெட்டியிருப்பார்களே, அதே கணக்குதான். மூன்றாம் ஜார்ஜ் பட்டத்துக்கு வந்தது 1760 அக்டோபர் 25. அவருடைய பதினோராம் ஆண்டு 1770 அக்டோபர் 25இல் தொடங்கி 1771 அக்டோபர் 24இல் முடிகிறது, ஆகவே உங்கள் மார்ச் 1771 மார்ச். இதில் குழப்பத்துக்கு இடமில்லை. (1752க்கு முந்தைய பத்திரமாக இருந்திருந்தால் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருக்கும். அதற்கு முன்பு இங்கிலாந்தில் புது வருடம் மார்ச் 25இல்தான் பிறந்தது, ஜனவரி முதல் அந்தத் தேதி வரை பழைய வருடத்தையே எழுதினார்கள்.)

'ஹஃப்பண்ட்மேன்' என்று நீங்கள் படித்தது 'ஹஸ்பண்ட்மேன்'. அந்தக் காலத்தில் சொல்லின் நடுவில் வரும் எஸ் எழுத்தை நீட்டி எழுதுவார்கள், பார்க்க எஃப் மாதிரியே இருக்கும். குறுக்குக் கோடு முழுதாக இருக்காது, அதுதான் அடையாளம். கத்தரிக்கோலுக்கான ஆங்கிலச் சொல்லிலும் இரண்டு எஸ் சேர்ந்து வரும் இடத்தில் முதல் எஸ் அப்படித்தான் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். ஹஸ்பண்ட்மேன் என்றால் இங்கே கணவன் என்று பொருளில்லை. சிறு அளவில் நிலம் வைத்து, பெரும்பாலும் குத்தகைக்கு, பயிர் செய்கிற குடியானவர் என்று பொருள். யோமன் என்றால் அதைவிட ஒருபடி மேலே, லேபரர் என்றால் கூலிக்குப் போகிறவர். எழுதுகிறவர்கள் இந்தச் சொற்களைக் கண்டபடி போட மாட்டார்கள், ஆகையால் வில்லியமின் அப்பா தேடப்போகிற எல்லா இடத்திலும் ஒரு விவசாயியாகத்தான் கிடைக்க வேண்டும். ஷெஃபீல்டில் கத்தி செய்கிற ஜான் ஒருவர் அகப்பட்டால் அவரை உடனே ஒதுக்கிவிடாவிட்டாலும், சந்தேகத்தோடு பாருங்கள்.

இப்போது வயது. 1563ஆம் வருடச் சட்டப்படி அப்ரண்டிஸ் காலம் குறைந்தது ஏழு வருடம். அந்தச் சட்டம் 1814இல்தான் நீங்கியது. ஷெஃபீல்டில் பெரும்பாலும் பையனுக்கு 21 வயது முடிகிற மாதிரி காலத்தைக் கணக்குப் பண்ணுவார்கள், அதனால்தான் சில பத்திரங்களில் ஏழு வருடம், சிலதில் எட்டு, பத்துகூட வரும். உங்கள் பையனுக்கு எட்டு. 1771உடன் எட்டைக் கூட்டினால் 1779, அதில் 21ஐக் கழித்தால் 1758. ஆக 1757 கடைசியிலோ 1758 தொடக்கத்திலோ பிறந்தவர், பத்திரம் எழுதிய அன்று அவருக்குப் பதின்மூன்று. உங்கள் மகளின் வயதுதான். அவளிடம் சொல்லுங்கள்.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு இணைய வம்சாவளியைப் பாருங்கள். 1757 ஞானஸ்நானம் வயதுக்குப் பொருந்துகிறது, அதனால்தான் அவர் ஏமாந்திருக்கிறார். ஆனால் 1776 கல்யாணம்? உங்கள் பத்திரத்தில் நடுப்பகுதியை நிதானமாகப் படியுங்கள். எல்லாப் பத்திரத்திலும் ஏறக்குறைய அதே வாசகம்தான்: தொழில் கற்றுக்கொடுக்கும் மாஸ்டரின் ரகசியத்தைக் காப்பான், சூதாட மாட்டான், சாராயக் கடைக்குப் போக மாட்டான், இந்தக் காலத்துக்குள் கல்யாணம் செய்ய மாட்டான். 1779 வரை கட்டுப்பட்ட பையன் 1776இல் மாஸ்டருக்குத் தெரிய ஊர்க் கோயிலில் (சர்ச்சில்) மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்புக் கொடுத்துக் கல்யாணம் செய்தான் என்பது நடக்கவே நடக்காது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அப்படிச் சொல்கிறவருடையது. எனக்குத் தெரிந்து அந்த 1776 மாப்பிள்ளை வேறு வில்லியம்.

அடுத்தது ஊர். இதில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள், நானும் இந்த வேலைக்கு வந்த புதிதில் வேறொரு குடும்பத்துக்காக இதே மாதிரி ஒரு எல்லையூரில் இரண்டு மாதம் தவறான கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) தேடி, அவர்கள் காசையும் காலத்தையும் செலவழித்திருக்கிறேன். இன்றைக்கு வரைபடத்தைத் திறந்தால் மோஸ்பரோ ஷெஃபீல்டுக்குள் இருக்கும். அதைப் பார்த்தவுடன் ஷெஃபீல்டு இருக்கும் யார்க்ஷயர் கவுண்டியின் ஏடுகளில் தேடத் தோன்றும். ஆனால் அந்த ஊர் ஷெஃபீல்டோடு சேர்ந்தது 1967இல்தான், அதுவரை டார்பிஷயர். அதோடு, 18ஆம் நூற்றாண்டில் மோஸ்பரோவில் பாரிஷ் சர்ச்சே கிடையாது. பாரிஷ் என்றால் நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் பங்கு என்பார்களே, அது. ஒரு கோயில், அதற்கு அடங்கிய பல சிற்றூர்கள். மோஸ்பரோ அடங்கியிருந்தது எக்கிங்டன் பாரிஷில். எனவே உங்கள் வில்லியமைத் தேட வேண்டிய இடம் எக்கிங்டன் கோயிலின் ஞானஸ்நான ஏடு. 'மோஸ்பரோ ஞானஸ்நானம்' என்று தேடினால் ஒன்றும் வராது, ஆள் இல்லை என்று முடிவு கட்டிவிடுவோம். ஊர்ப் பெயரையும் ஒவ்வொரு எழுத்தர் ஒவ்வொரு விதமாக, கடைசி எழுத்துகளை விழுங்கியும் நீட்டியும் எழுதியிருப்பார். உங்கள் குடும்பப் பெயருக்கும் அதே கதிதான், ஆகவே காதில் ஒரே மாதிரி விழுகிற எல்லா வடிவத்தையும் தேடிப் பாருங்கள்.

இந்த ஒரு கவுண்டி எல்லை பல விஷயங்களை மாற்றுகிறது. ஷெஃபீல்டு அன்றைக்கு யார்க் பேராயரின் கீழ், எக்கிங்டன் லிச்ஃபீல்டு பிஷப்பின் கீழ். 1598இலிருந்து ஒவ்வொரு பாரிஷும் வருடா வருடம் ஏட்டைப் படியெடுத்து பிஷப்புக்கு அனுப்ப வேண்டும் என்று விதி. மூல ஏட்டில் ஒரு பக்கம் ஈரத்தில் போயிருந்தாலும் இந்தப் படியில் அது தப்பியிருக்கலாம், சில நேரம் மூலத்தில் இல்லாத ஒரு சொல் படியில் இருக்கும். ஷெஃபீல்டின் படி யார்க்கில் உள்ள போர்த்விக் நிறுவனத்தில், எக்கிங்டனுடையது ஸ்டாஃபர்டில். மூல ஏடுகளுக்கு ஷெஃபீல்டு ஆவணக் காப்பகம், எக்கிங்டனுக்கு மேட்லாக் ஊரில் இருக்கிற டார்பிஷயர் ஆவண அலுவலகம். உயிலுக்கும் இதே பிரிவினைதான்: 1858க்கு முன்பு உயில்கள் திருச்சபை நீதிமன்றங்களில்தான் பதிவாயின, ஆக ஜான் என்ற அந்தக் குடியானவர் ஏதாவது எழுதி வைத்திருந்தால் அது லிச்ஃபீல்டுக்குப் போயிருக்கும். யார்க்கில் தேடிவிட்டு உயிலே இல்லை என்று சொன்னவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இதற்கெல்லாம் லீட்ஸிலிருந்து உடனே ஓட வேண்டியதில்லை. ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளி இணையதளம் இலவசம். அதே மாதிரியான ஆன்செஸ்ட்ரி, ஃபைண்ட்மைபாஸ்ட் இரண்டுக்கும் சந்தா கட்ட வேண்டும் என்றாலும் இங்குள்ள பல பொது நூலகங்களில் உள்ளே உட்கார்ந்து காசில்லாமல் பார்க்கலாம், உங்கள் நூலகத்தில் கேளுங்கள். ஒன்று மட்டும்: தேடலில் வருகிற தட்டச்சு வரியோடு நின்றுவிடாதீர்கள். அது யாரோ படித்துப் போட்டது. ஏட்டின் படத்தைத் திறந்து, அந்தப் பக்கத்தில் மேலும் கீழும் ஐம்பது பெயரையாவது படியுங்கள், அப்போதுதான் எழுத்தரின் கையும் பழக்கமும் பிடிபடும்.

எக்கிங்டனில் 1756 முதல் 1760 வரை 'ஜானின் மகன் வில்லியம்' கிடைத்துவிட்டால் அன்றே கொண்டாடிவிடாதீர்கள். ஒருவேளை இரண்டு கிடைக்கும். அப்போது செய்ய வேண்டியது அடக்க ஏட்டைத் திறப்பது. சொல்லவே மனம் கனக்கிற விஷயம், ஆனால் அந்தக் காலத்தில் பிறந்த குழந்தைகளில் ஏராளமானவை ஐந்து வயதைப் பார்க்கவில்லை, ஒரு வில்லியம் போனால் அடுத்துப் பிறந்த பையனுக்கும் வில்லியம் என்றே வைத்தார்கள். 1757 ஏப்ரலில் ஒரு வில்லியம், 1758 நவம்பரில் அதே பெற்றோருக்கு இன்னொரு வில்லியம் என்றால், இடையில் எங்கோ ஒரு சின்ன அடக்கம் இருக்கிறது என்று பொருள். இணைய வம்சாவளியில் உள்ள ஷெஃபீல்டு 1757 வில்லியமுக்கும் இதையே செய்யுங்கள். அடுத்த ஆறேழு வருட அடக்கப் பதிவுகளில் 'இன்னாரின் மகன் வில்லியம்' என்று ஒரு வரி அகப்பட்டால், அப்பா பெயரும் ஒத்துப்போனால், அந்தக் குழந்தை யாருக்கும் மூதாதை ஆகவில்லை. நான் எடுத்துக்கொள்கிற ஒவ்வொரு குடும்பத்திலும் இந்த வேலையைத்தான் முதலில் செய்கிறேன். யார் நம் ஆள் என்பதைவிட யார் நம் ஆள் இல்லை என்பதற்குத்தான் ஏடுகளில் தெளிவான பதில் கிடைக்கிறது, மிஞ்சுகிறவர் ஒருவராக இருக்கும்போது மட்டும்தான் நான் பெயர் எழுதிக் கோடு போடுவேன்.

பத்திரத்தில் அப்பா பெயருக்கு முன்னாலோ பின்னாலோ 'லேட் ஆஃப்' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அவர் இறந்துவிட்டார் என்றும் இருக்கலாம், முன்பு அந்த ஊரில் இருந்தவர் என்றும் இருக்கலாம். 'டிசீஸ்டு' (காலமானவர்) என்றே எழுதியிருந்தால் 1771 மார்ச்சுக்கு முன் எக்கிங்டனில் ஜானின் அடக்கம் இருக்க வேண்டும், அது உங்களுக்கு இன்னொரு பிடி.

இப்போது ஷெஃபீல்டுப் பக்கம். உங்களுக்கு ஒரு பெரிய அனுகூலம் இருக்கிறது. கத்தி, கத்தரிக்கோல், அரிவாள் செய்கிறவர்களுக்காக 1624இல் பாராளுமன்றச் சட்டத்தால் ஏற்பட்ட அமைப்பு ஹாலம்ஷயர் கட்லர்ஸ் கம்பெனி. ஷெஃபீல்டும் சுற்றி ஆறு மைல் தூரமும் அதன் ஆட்சி. ஒரு பையன் அந்தத் தொழிலில் சேர்ந்தால் கம்பெனி ஏட்டில் பெயர் ஏறும், காலம் முடிந்து தனியாகத் தொழில் செய்ய உரிமை வாங்கினால் அதுவும் ஏறும். ஆர். ஈ. லீடர் என்பவர் 1905, 1906இல் இரண்டு தொகுதிகளாகக் கொண்டுவந்த கம்பெனி வரலாற்றில் இந்தப் பெயர்களை அகரவரிசையில் தொகுத்திருக்கிறார், 1624 தொடங்கி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை. இரண்டாம் தொகுதியைப் பாருங்கள். ஒரு வரியில் பையன் பெயர், அப்பா பெயர், ஊர், அப்பாவின் தொழில், மாஸ்டர், எத்தனை வருடம், எந்த வருடம் என்று அடுக்கியிருக்கும், கடைசியில் ஒரு எஃப் எழுத்தும் வருடமும் இருந்தால் அது உரிமை வாங்கிய வருடம். (அது நிஜமான எஃப்.) உங்கள் வில்லியமுக்கு 1779ஐ ஒட்டி அந்த எஃப் இருக்கிறதா என்பதைத்தான் நான் ஆவலோடு எதிர்பார்க்கிறேன். இல்லாவிட்டால் மனம் தளர வேண்டாம், உரிமைக் கட்டணம் கட்டாமல் அடுத்தவரிடம் கூலிக்கு வேலை பார்த்தே வாழ்க்கையை ஓட்டியவர்கள் ஏராளம்.

உரிமை வாங்கியிருந்தால் இன்னும் அழகான ஒன்று உண்டு. ஒவ்வொருவருக்கும் கம்பெனி ஒரு முத்திரை கொடுக்கும், செய்கிற ஒவ்வொரு பொருளிலும் அதை அடிக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட அடையாளம் காணும்படி ஒரு சின்ன உருவமோ எழுத்தோ. 1787இல் கேல்ஸ், மார்ட்டின் என்பவர்கள் வெளியிட்ட ஷெஃபீல்டு தொழில் கையேட்டில் ஷெஃபீல்டிலும் பக்கத்து ஊர்களிலும் இருந்த தொழில்காரர்களின் பெயரோடு இந்த முத்திரைகளையும் அச்சடித்திருக்கிறார்கள். கத்தரிக்கோல் கொல்லர்கள் என்ற தலைப்பில் உங்கள் குடும்பப் பெயர் இருந்தால், பக்கத்தில் அந்த முத்திரை இருக்கும். மாமனார் வீட்டில் பழைய கத்தரிக்கோல் எதுவும் கிடந்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள், இரண்டு அலகும் சேரும் இடத்தருகே உற்றுப் பாருங்கள்.

அரசாங்கத்தின் வரி ஏடு பற்றி எங்காவது படித்திருப்பீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். 1710 முதல் 1811 வரை, பையனைச் சேர்த்துக்கொள்ள மாஸ்டர் வாங்கிய பணத்துக்கு வரி உண்டு: ஐம்பது பவுண்டு வரை பவுண்டுக்கு ஆறு பென்ஸ், அதற்கு மேல் ஒரு ஷில்லிங். ஐந்து பவுண்டு வாங்கினால் இரண்டரை ஷில்லிங் வரி, கட்ட வேண்டியவர் மாஸ்டர். அந்த ஏடுகள் லண்டன் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, இணையத்திலும் வந்துவிட்டன. ஆனால் உங்கள் விஷயத்தில் அதிலிருந்து அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். 1752ஐ ஒட்டி அந்த ஏடுகளில் அப்பா பெயர் எழுதும் வழக்கம் ஏறக்குறைய நின்றுபோய்விட்டது. மாஸ்டர் பணமே வாங்காவிட்டால் வரியும் இல்லை, பதிவும் இல்லை. பத்திரத்தில் தொகை ஏதாவது எழுதியிருந்தால் மட்டும் போய்ப் பாருங்கள். அப்படிப் பார்க்கும்போது 1771இல் நின்றுவிடாமல் அடுத்த சில வருடங்களையும் பாருங்கள், ஏனென்றால் ஒப்பந்தக் காலம் முடிந்து ஒரு வருடம் வரைக்கும்கூட வரி கட்டலாம் என்று விட்டிருந்தார்கள்.

பத்திரத்தின் கீழே யார் யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்? இதை நீங்கள் எழுதவில்லை, எனக்கு அது அவசியம் தெரிய வேண்டும். பாரிஷின் ஏழை நிவாரண மேற்பார்வையாளர்களும் கோயில் நிர்வாகிகளான சர்ச் வார்டன்களும் ஒரு பக்கமும், இரண்டு நீதிபதிகள் சம்மதம் என்று இன்னொரு பக்கமும் இருந்தால், 1601 ஏழைச் சட்டப்படி ஊரே அந்தப் பையனைத் தள்ளிவிட்டிருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட பத்திரங்களில் அப்பா பெயர் பெரும்பாலும் இருக்காது, 'இந்த பாரிஷின் ஏழைப் பிள்ளை' என்று இருக்கும், ஆண்பிள்ளைக்கு அப்போது இருபத்துநாலு வயது வரை கட்டு. உங்களுடையதில் அப்பா பெயரும் எட்டு வருடமும் இருப்பதால் இது குடும்பம் தானாகச் செய்த ஏற்பாடு என்றுதான் நினைக்கிறேன்.

அதோடு, இது எந்தப் பாதி? இந்த மாதிரிப் பத்திரம் எப்போதும் இரண்டு பிரதி. ஒரே தோலிலோ தாளிலோ இரண்டு முறை எழுதி, நடுவே வளைந்து வளைந்து வெட்டுவார்கள், பின்னால் தகராறு வந்தால் இரண்டையும் சேர்த்துப் பொருத்திப் பார்க்கலாம். உங்கள் பத்திரத்தின் மேல் விளிம்பு நேராக இருக்கிறதா, அலை அலையாக இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். வழக்கமாக ஒருவர் கையெழுத்துப் போட்ட பிரதி மற்றவரிடம் இருக்கும்: பையன் வீட்டுப் பிரதியில் மாஸ்டரின் கையெழுத்து, மாஸ்டர் வீட்டுப் பிரதியில் பையனுடையதும் அப்பாவுடையதும். சில நேரம் எல்லோரும் இரண்டிலும் போட்டிருப்பார்கள். வில்லியமின் கையெழுத்து உங்களிடம் இருந்தால் அது தங்கம், ஏன் என்று சொல்கிறேன்.

1754 மார்ச் 25 முதல் இங்கிலாந்தில் குவேக்கர் (தனியான ஒரு கிறிஸ்தவச் சபையினர்), யூதர் தவிர எல்லோரும் சர்ச் ஆஃப் இங்கிலாந்து கோயிலில்தான் கல்யாணம் செய்ய வேண்டும், மணமக்களும் சாட்சிகளும் ஏட்டில் கையெழுத்தோ கைநாட்டோ போட வேண்டும் என்று சட்டம் வந்தது. ஆகவே 1779க்கும் 1789க்கும் இடையில் உங்கள் வில்லியம் எங்கோ ஒரு கோயில் ஏட்டில் தன் கையால் பெயர் எழுதியிருக்கிறார், அல்லது ஒரு சிலுவைக் குறி போட்டிருக்கிறார். ஷெஃபீல்டு செயின்ட் பீட்டர் கோயிலில் (இப்போதைய கதீட்ரல்) தொடங்கி, எக்கிங்டன், அப்புறம் சுற்றியுள்ள பாரிஷ்கள் என்று அந்தப் பெயரில் உள்ள எல்லாக் கல்யாணங்களையும் எடுங்கள். நாலைந்து வரலாம். ஒவ்வொன்றின் படத்தையும் பத்திரத்தின் கையெழுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பதின்மூன்று வயதில் எழுதியதும் இருபத்திரண்டில் எழுதியதும் அச்சடித்த மாதிரி இருக்காது, ஆனால் பெயரின் முதல் எழுத்தைத் தொடங்குகிற விதம், கடைசி எழுத்தை முடிக்கிற சுழி, இவை பெரும்பாலும் மாறுவதில்லை. அந்த 1776 மாப்பிள்ளையின் கையெழுத்தையும் எடுத்துப் பாருங்கள், சந்தேகம் தீர்ந்துவிடும். சாட்சிகளின் பெயரில் மாஸ்டரின் குடும்பப் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். மாஸ்டர் வீட்டிலேயே எட்டு வருடம் சாப்பிட்டுத் தூங்கிய பையன், அந்த வீட்டுப் பெண்ணையே கட்டுவது அபூர்வமல்ல.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் சொல்ல வேண்டும். பத்திரம் உங்கள் வீட்டில் இருக்கிறது, குடும்பப் பெயர் ஒன்று, தொழிலும் ஒன்று. இவ்வளவு இருந்தும் இந்த வில்லியம் உங்கள் கணவரின் நேர் மூதாதை என்று ஆகிவிடாது. பிள்ளையில்லாத பெரியப்பாவின் காகிதம் தம்பி மகன் பெட்டிக்கு வந்திருக்கலாம். அதனால் கீழிருந்தும் ஏற வேண்டும், மேலிருந்தும் இறங்க வேண்டும், இரண்டும் ஒரு கல்யாணப் பதிவில் சந்திக்க வேண்டும்.

கீழிருந்து ஏறுவதற்கு உங்கள் 1851 பெரியவர். அவர் அப்பா வில்லியம் என்று 'நினைக்கிறோம்' என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த நினைப்பு எங்கிருந்து வந்தது? 1789 ஞானஸ்நானம் ஒன்று கிடைத்ததாலா? அப்படியானால் அதே பெயரில் அந்த ஐந்தாறு வருடத்தில் வேறு குழந்தைகள் இல்லையா என்று பார்த்தீர்களா? 1783 அக்டோபர் முதல் 1794 வரை ஒவ்வொரு ஞானஸ்நானப் பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி போட்டிருந்தார்கள், பரம ஏழைகளுக்கு மட்டும் விலக்கு. அந்த வரிக்குப் பயந்து குழந்தைகளுக்கு ஞானஸ்நானத்தைத் தாமதித்தவர்கள் உண்டு, 1794க்குப் பிறகு மூன்று நான்கு பிள்ளைகளை ஒரே நாளில் கூட்டிக்கொண்டு வந்த குடும்பங்களை நான் ஏடுகளில் பார்த்திருக்கிறேன். அதனால் 1789இல் கிடைத்ததை எடுத்துக்கொண்டு நின்றுவிடாமல் 1796 வரைக்கும் தேடுங்கள். ஷெஃபீல்டில் சர்ச் ஆஃப் இங்கிலாந்தில் சேராத சபைகளும் வலுவாக இருந்தன, அவர்களின் ஏடுகள் பிற்பாடு அரசாங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, அங்கேயும் ஒரு கண்.

அந்தப் பெரியவர் மனைவியை இழந்து இரண்டாம் கல்யாணம் செய்தாரா? செய்திருந்தால், அது 1837 ஜூலை 1க்குப் பிறகு நடந்திருந்தால், உங்களுக்கு அதிர்ஷ்டம். அன்றிலிருந்துதான் கல்யாணப் பதிவில் இருவரின் அப்பா பெயரும் தொழிலும் எழுதத் தொடங்கினார்கள். ஐம்பது வயதுக்காரர் தன் வாயாலேயே 'வில்லியம், கத்தரிக்கோல் கொல்லர்' என்று சொன்ன பதிவு கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. 1851இல் அவரோடு இருந்த மனைவியின் வயது அவரைவிட மிகக் குறைவாக இருந்தாலோ, பிள்ளைகளின் வயதில் பெரிய இடைவெளி இருந்தாலோ இதைச் சந்தேகப்படலாம்.

பத்திரத்தைப் பற்றி: இஸ்திரி போட்டு மடிப்பு எடுக்காதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யவே செய்யாதீர்கள். மடிப்பு எதிர்த்தால் விட்டுவிடுங்கள், ஆவணக் காப்பகத்தில் காட்டினால் எப்படி விரிப்பது என்று சொல்லித் தருவார்கள். மங்கிப்போன இடத்தை ஜன்னலோரம் பக்கவாட்டு வெளிச்சத்தில் வைத்துப் படமெடுத்தால் பேனா கீறிய தடம் தெரியும்.

பின்பக்கத்தையும் அப்படியே படமெடுத்து அனுப்புங்கள். மாஸ்டர் இடையில் இறந்து பையனை வேறொருவரிடம் மாற்றிவிட்டிருந்தால் அது பின்பக்கத்தில்தான் ஓரிரண்டு வரியில் இருக்கும், அப்போது லீடரின் பட்டியலில் தேட வேண்டிய மாஸ்டரின் பெயரே வேறாகிவிடும். அதற்குள் நீங்களும் மகளும் எக்கிங்டன் ஏட்டில் 1756இலிருந்து 1760 வரை ஞானஸ்நானம், அடக்கம் இரண்டையும் படித்து, ஜான் என்ற அப்பா வருகிற ஒவ்வொரு வரியையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், நம் குடும்பப் பெயர் மாதிரி இல்லையே என்று எதையும் விட்டுவிட வேண்டாம்.